நாப்பத்தொண்ணுல ஆளு இருக்கு

அக்காவுக்கு எதையும் சும்மா பாக்கத் தெரியாது. தட்டித்தான் பாப்பா. வலது கை நடுவிரலை மடக்கி, அந்த முட்டியால டொக் டொக்னு ரெண்டு தட்டு. பெறவு தலையைச் சாய்ச்சு, வாயை லேசாத் திறந்து வச்சுக்கிட்டுக் கேப்பா. அப்பிடி என்னத்தைத்தான் கேப்பாளோ. தர்பூசணி, மண்பானை, மீன்கடைப் பலகை, ரேஷன் கடை மேசை, பக்கத்து வீட்டுச் சுவரு, ஒண்ணையும் விட மாட்டா. அந்த விரல் முட்டி மட்டும் வெள்ளையாக் காய்ச்சுப் போயிருக்கும்.

என் வண்டிக்கு முதல்ல வந்த அன்னைக்கும் கையில துணிமணி ஒண்ணும் கொண்டு வரல. எங்க தெருமுனையில, தூங்குமூஞ்சி மரத்தடியில நான் இஸ்திரி வண்டி போட்டிருக்கேன். குனிஞ்சு பெட்டிக் கரியை ஊதிக்கிட்டு இருக்கேன், யாரோ வண்டியைத் தட்டுற சத்தம். நிமிந்து பாத்தா, அக்கா வண்டிச் சட்டத்துல காதை வச்சுக்கிட்டு நிக்கா.

"ஏளா, இது நல்ல மரம்லா. இன்னும் ஆளு இருக்கு."

"வண்டியில யாரும் இல்லக்கா. துணிதான் இருக்கு."

"துணி கெடக்கட்டும். நான் மரத்தைச் சொல்லுதேன்."

சரிதான், ஒரு கோட்டிக்காரி வந்து சேந்துட்டான்னு நெனச்சேன். நல்லவேளை, அந்த வார்த்தை வாயை விட்டு வெளிய வரல.

பெறவுதான் விஷயம் தெரிஞ்சது. அக்கா சின்ன வயசுல இருந்து சங்கு சேத்து வைக்கிற ஒரு கிட்டங்கியில வேலை பாத்தவ. கடல்ல எடுத்துட்டு வந்து குவிச்ச சங்கை ஒண்ணொண்ணாத் தட்டி, புழு அரிச்சது இந்தப் பக்கம், நல்லது அந்தப் பக்கம்னு பிரிக்கிற வேலை. உள்ள சதை இருக்க சங்கைத் தட்டினா அடக்கமா ஒரு சத்தம் வருமாம். அதை அந்தக் கிட்டங்கிப் பொம்பளைக 'ஆளு இருக்கு'ன்னு சொல்லுவாங்களாம். வெறும் ஓடுன்னா 'ஆளு இல்ல'. கிட்டங்கி மூடி எத்தனையோ காலம் ஆச்சு. அந்தப் பேச்சு அக்கா வாயை விட்டுப் போகல, விரலும் நிக்கல. ஊரே சங்கு அக்கான்னுதான் கூப்பிட்டுச்சு. சொந்தப் பேரு என்னன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. மாதா கோயிலுக்குப் பின்னால ஒத்த அறையில தனியா இருந்தா, இனி யார்ட்ட போய்க் கேக்க?

எங்க தெருவுல மரக் குழுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு பெருமழையில மரம் சாஞ்சு ஒரு ஆட்டோவை அப்பளமா நொறுக்கின பெறவு ஆரம்பிச்சது. துறைமுகத்துல ரிட்டயர் ஆன ஒரு அண்ணாச்சிதான் அதுக்குத் தலைவரு. மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டாச்சு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடிஞ்சதும் எல்லாரும் சேந்து ஒரு சுத்து போவோம். புது மரக்கண்ணுக்குத் தண்ணி ஊத்துறது, வேரைச் சுத்திப் போட்ட சிமெண்டை உடைக்கிறது, பட்டுப்போனதை மாநகராட்சிக்குச் சொல்லுறது, இதெல்லாம் வேலை. என் கையெழுத்து அழகா இருக்குன்னு நோட்டை என் தலையில கட்டிட்டாங்க. பத்தாவதுல தமிழ்ல நான்தான் பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க்காக்கும்!

நோட்டுல நாலு கட்டம். நம்பர், மரம், சுத்தளவு, நிலைமை. நிலைமைங்கிற கட்டத்துல 'நலம்', 'நலமில்லை'ன்னு எழுதணும்னு அண்ணாச்சி சொன்னாரு. ஆனா தட்டிச் சொல்றது அக்கா, எழுதுறது நான். அவ 'ஆளு இருக்கு'ன்னு சொல்லச் சொல்ல என் கை அப்பிடியே எழுதிருச்சு. அண்ணாச்சி முதல்ல ஏசினாரு. பெறவு அவரே, "பதினேழுல ஆளு இருக்கா?"ன்னு கேக்க ஆரம்பிச்சாரு. மாநகராட்சிக்குப் போற தாள்ல மட்டும் மாத்தி எழுதிக்குவாரு.

நம்பர் போட்ட தகரத்தை மரத்துல மாட்ட அவரு ஒரு டப்பா ஆணி வாங்கிட்டு வந்திருந்தாரு. முதல் ஆணியை வச்சுச் சுத்தியலை ஓங்கிட்டாரு. அக்கா அவரு கையைப் பிடிச்சுட்டா.

"அண்ணாச்சி, ஆணியை உள்ள வைங்க."

"ஏம்மா? கயித்துல கட்டினா அந்து போகும்லா."

"உள்ள ஆளு இருக்கும்போது வெளிய இருந்து ஆணி அடிச்சா, பெறவு அவுக எப்பிடி வெளிய வர?"

நல்ல வெயில் நேரம், ரோட்டுல பஸ்ஸு போகுது, பக்கத்துல வடை சுடுதாங்க. இருந்தும் ஒருத்தருக்கும் சிரிப்பு வரல. அண்ணாச்சி ஆணியைப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு. அன்னையில இருந்து எல்லா நம்பரையும் பழைய வலைக் கயித்தால தளர்வாத்தான் கட்டுதோம்.

எட்டாம் நம்பர் பள்ளிக்கூட வாசல் வேம்பு. பச்சைப் பசேல்னு, பூவாக் கொட்டிக்கிட்டு நிக்கும். அதைத் தட்டிட்டு அக்கா, "ஆளு இல்ல. போய் ரொம்ப நாளாச்சு"ன்னா.

அண்ணாச்சிக்குக் கோவம் வந்துருச்சு. "பூத்துக் கொட்டுது, ஆளு இல்லங்கியே! கண்ணு தெரியுதா தெரியலையா?"

"வீட்டுல லைட்டு எரிஞ்சா ஆளு இருக்குன்னு அர்த்தமா அண்ணாச்சி?"

நான் 'ஆளு இல்ல'ன்னு எழுதினேன். அண்ணாச்சி அதைத் தாள்ல ஏத்தல. மூணு வாரம் கழிச்சு ஒரு சனிக்கிழமை, காலையில பதினோரு மணி இருக்கும். ஒரு இலை அசையல. அந்த வேம்பு அப்பிடியே ரோட்டுக்குக் குறுக்க படுத்துச்சு. விழுந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், நான் பாத்துக்கிட்டுல்லா இருந்தேன், மெள்ளப் படுத்துச்சு. உள்ள பூராவும் காப்பித்தூள் மாதிரி பொடி. ஒரு ஆளு உள்ள போய் உக்காரலாம். அன்னைக்குப் பிள்ளைகளுக்கு லீவு, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.

அக்கா வந்து ஒரு பார்வை பாத்தா. "சனிக்கிழமைன்னு பாத்துப் படுத்திருக்கு"ன்னா.

"நீதான ஆளு இல்லன்னு சொன்ன? பெறவு யாருக்கா கெழமை பாத்தா?"ன்னு கேட்டேன்.

அக்கா திரும்பிக் கோயில் பக்கம் நடந்துட்டா. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல.

இதுக்கு நேர் மாறா இன்னொண்ணு. மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு பூவரசு, ஒத்த இலை இல்லாம விறகா நின்னுச்சு. வெட்டப் போற நேரம் அக்கா தட்டிட்டு, "சத்தம் போடாதீங்க, தூங்குது"ன்னா. நாங்களும் கோட்டிக்காரக் கூட்டம் மாதிரி தினம் ஒரு குடம் தண்ணியை அந்த விறகுக்கு ஊத்தினோம். ரெண்டு மாசத்துல செப்புக் கலர்ல கொழுந்து விட்டுருச்சு. அதுக்கு மேல அவ சொன்னதை ஒருத்தரும் எதுத்துப் பேசல.

ஆனா பயமும் வந்துருச்சு. கைப்பிள்ளைக்காரிக அக்கா வாரதைக் கண்டாப் பிள்ளையை முந்தானைக்குள்ள மறைச்சுக்குவாளுக. தட்டிருவாளோன்னு. அண்ணாச்சி கதை இன்னும் வேடிக்கை. ஒரு நாள் அவரு குனிஞ்சு நம்பர் கட்டிக்கிட்டு இருக்காரு, பின்னால நின்ன அக்காவோட விரல் தானாப் போய் அவரு முதுகுல டொக் டொக். சூடு பட்ட மாதிரி கையைப் பிடுங்கிச் சேலைக்குள்ள ஒளிச்சுக்கிட்டா.

அண்ணாச்சி சிரிச்சுக்கிட்டே, "என்னம்மா, ஆளு இருக்கா?"ன்னாரு.

"இருக்கீக அண்ணாச்சி. இருக்கீக."

ஒரு தடவை சொன்னாப் போதாதா? அடுத்த ரெண்டு சுத்துக்கு அண்ணாச்சியக் காணும். நாசரேத்துல மக வீட்டுக்குப் போயிருக்காருன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரியில படுத்து நெஞ்சைச் சரி பண்ணிட்டு வந்தாருன்னு பெறவுதான் தெரிஞ்சது. அதுக்குப் பெறவு மனுஷன் அக்காவுக்கு முதுகைக் காட்டினதே இல்ல. நம்பர் கட்டும்போதுகூட நண்டு மாதிரி சுத்திச் சுத்தி வருவாரு.

இனி என் வண்டி நிக்க மரத்துக்கு வாரேன். நாப்பத்தொண்ணு.

ஒரு புரட்டாசி மாச ஞாயித்துக்கிழமை. கடைசி நம்பர் அதுதான், மத்தவங்க எல்லாம் டீக்கடைக்குப் போயாச்சு. நானும் அக்காவும் மட்டும் நிக்கோம். வழக்கமா ரெண்டு தட்டோட நிறுத்துறவ அன்னைக்கு மரத்தைச் சுத்திச் சுத்தி வந்து தட்டுதா. மேல எக்கித் தட்டுதா, குனிஞ்சு தட்டுதா. 

"ஆளு இல்லளா."

"நல்லாக் கேளுக்கா."

"கேட்டுட்டேன். கொப்பு பிரியுற கவட்டையில இருந்து இடுப்பு உயரம் வரைக்கும் வெறும் கூடு. இந்த மழைக்குத் தாங்காது. எழுது, வெட்டச் சொல்லு. நீயும் வண்டியை எடுத்துரு."

எங்கன எடுக்க? தூத்துக்குடி வெயில்ல, கரிப் பெட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு, நிழல் இல்லாம ஒரு மணி நேரம் நின்னு பாருங்க, தெரியும். அந்த ரோட்டுல இருந்த வண்டியை எல்லாம் ஒரு தடவை மாநகராட்சிக்காரங்க அள்ளிட்டுப் போயிட்டாங்க. என் வண்டி மட்டும் மரத்துக்குப் பின்னால ஒதுங்கி நின்னதால தப்பிச்சது. அந்த மரம் போச்சுன்னா என் பொழப்பும் போச்சு. எம் புருஷன் லாரியில போனா திரும்பி வார நாள் தெரியாது, வீட்டுல அடுப்பு எரியுறது என் இஸ்திரிப் பெட்டியாலதான். அக்கா டீக்கடைப் பக்கம் திரும்பினா. நான் நோட்டைத் திறந்து, அழகான கையெழுத்துல, நாப்பத்தொண்ணுக்கு நேரா 'ஆளு இருக்கு'ன்னு எழுதிட்டேன்.

டீக்கடையில அண்ணாச்சி நோட்டை வாங்கிச் சத்தமா வாசிச்சாரு. "முப்பத்தொம்பது, ஆளு இருக்கு. நாப்பது, ஆளு இருக்கு. நாப்பத்தொண்ணு, ஆளு இருக்கு." அக்கா கிளாஸைப் பிடிச்சபடி என்னைப் பாத்தா. நான் என் செருப்பைப் பாத்தேன். இந்தா, போட்டு உடைக்கப் போறான்னு இருந்தேன்.

"சரிதானம்மா?"ன்னு அண்ணாச்சி கேட்டாரு.

"எழுதியிருக்குல்லா, பெறவென்ன"ன்னு சொல்லிட்டு அக்கா மிச்ச டீயைக் குடிச்சா.

மறுநாள் மூணு மணிக்கு என் வண்டிக்கு வந்தா. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, மரத்துல முதுகை ஒட்டி உக்காந்தா. எனக்கு அழுகை வந்துருச்சு.

"மன்னிச்சிருக்கா. புத்தி கெட்டுப் போச்சு. இன்னைக்கே அண்ணாச்சிட்ட சொல்லி மாத்திருதேன்."

"மாத்தாத. அடிச்சுத் திருத்தினா நோட்டு அசிங்கமாப் போகும். ஆளு இருக்குன்னு எழுதிட்டேல்லா?"

"ஆமா."

"அப்போ ஆளு இருக்கணும். அவ்வளவுதானே."

"அது எப்பிடிக்கா?"

"நீ துணியைத் தேய். கருகுது பாரு."

அன்னையில இருந்து தினமும் மூணு மணிக்கு வருவா. ஆறு மணிக்கு மரம் இலையை மடக்குற வரைக்கும் முதுகை எடுக்க மாட்டா. உதடு மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருக்கும். செவமாலை சொல்லுதான்னு நெனச்சேன். ஒரு நாள் துணியை உதறுற சாக்குல பக்கத்துல போய்க் காது கொடுத்தேன். செபம் இல்ல. "அம்மா கருவாடு காயப் போடுற கல்லு, மேக்குப் பக்கம் ஒரு ஓரம் உடைஞ்சிருக்கும்"ங்கா. "அப்பாவோட தோணிக்கு நீலக் கலர், உள்ள சிவப்பு"ங்கா. "கிட்டங்கி ஜன்னலுக்கு ஏழு கம்பி"ங்கா. வீடு மாறும்போது சாமானை ஒண்ணொண்ணா எடுத்துப் புது வீட்டுல வைப்போம்லா, அந்த நிதானத்துல சொல்லிக்கிட்டு இருந்தா.

மறுநாள் நான் பேச்சை மாத்துறதுக்காக, "உங்க அம்மா அந்தக் கல்லுல என்ன கருவாடுக்கா காயப் போடுவாங்க?"ன்னு கேட்டேன்.

அக்கா என்னைப் பாத்து முழிச்சா. "எந்தக் கல்லுளா?"

விளையாடுதான்னு நெனச்சேன். "ஓரம் உடைஞ்ச கல்லு. நேத்து சொன்னேல்லா."

"எனக்கு அப்பிடி ஒண்ணும் தெரியாதே."

இஸ்திரிப் பெட்டியைக் கீழ வச்சுட்டேன். நீலத் தோணியையும் கேட்டேன். தெரியல. ஏழு கம்பியையும் கேட்டேன். தெரியல. போக்கா, இனி இங்கன வராதன்னு கத்தினேன். பயந்துட்டேன்னு ஒத்துக்க வெக்கம், அதான் கோவமா வந்துச்சு.  அவ ஸ்டூலை இன்னும் கொஞ்சம் மரத்தோட நெருக்கிப் போட்டுக்கிட்டா.

அப்பவாவது நான் போய் அண்ணாச்சிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாம். சொல்லல. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். வண்டி நிழல்ல நின்னுச்சு, துணி வந்துக்கிட்டு இருந்துச்சு. மனுச புத்தி அவ்வளவுதான்.

கார்த்திகையில துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தினாங்க. மத்தியானம் காத்து பிடிச்சுக்கிருச்சு. வண்டிச் சங்கிலி மரத்தோட சேத்துப் பூட்டியிருக்கு, அதை அவுக்கலாம்னு நனைஞ்சுக்கிட்டே ஓடினேன். அக்கா அங்கன நிக்கா. ஸ்டூலைக் காணும். முதுகு மரத்துல, ரெண்டு கையும் பின்னால வளைச்சு மரத்தைப் பிடிச்சிருக்கு. மேல கொப்பு எல்லாம் ஆடுது, அவ நிக்க இடத்துல மரம் அசையல.

"வாக்கா! மரம் சாஞ்சிரும், வா!"

"நீ வீட்டுக்குப் போளா. நான் இருக்கேன்."

கையைப் பிடிச்சு இழுத்தேன். வரல. ஒல்லிப் பொம்பளை, என்னால இழுக்க முடியல. மாதா மேல ஆணையாப் போன்னு சொன்னா. நான் போயிட்டேன். ஆமா, விட்டுட்டுப் போயிட்டேன்.

அந்தக் காத்துல எங்க நோட்டுல இருந்த மரத்துல ஆறு போச்சு. அக்கா நல்லா இருக்குன்னு சொன்னதுலயே ரெண்டு போச்சு. நாப்பத்தொண்ணு ஒரு கொப்பைக்கூட உதிர்க்கல. என் வண்டிக்கு ஒரு கீறல் இல்ல.

அக்காதான் அதுக்குப் பெறவு சரியா இல்ல. மெலியல, சீக்கு எதுவும் வரல. ஆனா நடந்து வந்தா காலடிச் சத்தம் இருக்காது. ரேஷன் கடையில தன் பேரைக் கூப்பிட்டது தெரியாம நின்னாளாம். ஒரு நாள் மூணு மணிக்கு வந்தவ, மரத்துல சாயாம எனக்கு முதுகைக் காட்டி நின்னா.

"ஏளா, என்னைத் தட்டிப் பாரு."

"சவத்த விடுக்கா, இது என்ன விளையாட்டு."

"தட்டுளா."

விரலை மடக்கி ரெண்டு தோளுக்கும் நடுவுல தட்டினேன். பள்ளிக்கூட வாசல் வேம்பை அக்கா தட்டினப்ப நான் கேட்ட அதே சத்தம். காலி டப்பாச் சத்தம்.

"கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலக்கா."

"இது ரெண்டாவது பொய்"னு சொல்லிச் சிரிச்சா. கோவமே இல்ல அந்தச் சிரிப்புல. நான் அவளைக் கட்டிப் பிடிச்சு அழுதேன். என் கைக்குள்ள துவைச்சுக் காயப் போட்ட சேலையைப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு.

எட்டு நாள் கழிச்சு, கதவு சும்மா சாத்தியிருக்க, படுத்தபடியே இறந்து கிடந்தா. கோயில்காரங்களும் மரக் குழுவும் சேந்து அடக்கம் பண்ணினோம். பெட்டியை மூடும்போது என் நடுவிரல் தானா மடங்குச்சு. சேலைக்குள்ள ஒளிச்சுக்கிட்டேன்.

அடுத்த சுத்துக்குத் தட்ட ஆளில்ல. "அவ கூடவே இருந்தவ நீதான, நீயே தட்டு"ன்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு. எனக்கு என்ன தெரியும்? ஏதோ தட்டி, ஏதோ சொல்லிக்கிட்டு வந்தேன். நாப்பத்தொண்ணுக்கு வந்தாச்சு. எல்லாரும் பாக்காங்க. தட்டினேன்.

கல்லு மாதிரி கேட்டுச்சு. நெறைஞ்சு, அடக்கமா. சுத்தி வந்து அவ தட்டின இடத்துல எல்லாம் தட்டினேன். மேல எக்கித் தட்டினேன், குனிஞ்சு தட்டினேன். எங்கயும் கூடு இல்ல.

அண்ணாச்சி பேனாவை நீட்டினாரு. "என்னம்மா எழுதப் போற?"

"ஏற்கெனவே எழுதியிருக்கு அண்ணாச்சி."

இப்ப மார்க்கெட் பக்கம் வரிசையாக் கடை கட்டி, எங்களை மாதிரி வண்டிக்காரங்களுக்கு இடம் கொடுக்காங்க. மேல கூரை, கீழ சிமெண்டு, கரண்டு வசதி. அண்ணாச்சி அலைஞ்சு எனக்கும் ஒரு கடை ஒதுக்க வச்சாரு. நான் வேண்டாம்னுட்டேன். மூணு மணி ஆனா எனக்கு இன்னும் முதுகு குளிருது, அந்த மரத்துல ஒரு நாளும் சாஞ்சு உக்காந்தது இல்ல. இருந்தாலும் வண்டியை எடுக்கல. எழுதினது நான்தான. உள்ள ஆளை வச்சுட்டு எங்கன போக?